காதில் சொன்ன பெயர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொள்வார். தெரிந்த முகம்தான். மூக்குத்தி தெரியும், சிரிப்பு தெரியும், அந்தச் சிரிப்போடு ஏதோ ஒரு வாசலில் நின்று வெகுநேரம் பேசியதுகூட நினைவிருக்கும். பெயர் மட்டும் வராது. "என்னா, என்னைத் தெரியலயா?" என்று கேட்பார். "ஐயோ, ஏன் தெரியாம? வீட்ல எல்லாரும் சுகமா?" என்போம். போன மாதம் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு திருமணத்தில் எனக்கு இப்படித்தான் ஆயிற்று. கால் மணி நேரம் அந்த அம்மாளின் முழங்கால் வலியையும் பேரப்பிள்ளைகளையும் விசாரித்துக்கொண்டிருந்தேன். விடைபெறும்போது அவர் என்னை வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டு, "வரட்டுமா?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அன்று பிற்பகல் வீட்டில் படுத்திருந்தேன். வெளியே மழை வருவதற்கு முன்னால் வருகிற அந்த மஞ்சள் வெளிச்சம். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடந்தபோது அப்பா வந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையின் நுனி மட்டும், கஞ்சி போட்டு மொடமொடவென்று, என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பத்து வயதுச் சிறுமியாக என் உயரத்துக்கு அதுதான் தெரியும்.

நமக்கு வயதாகி வந்த குறை அப்பாவுக்குப் பிறவியிலேயே இருந்தது. பெயர் மட்டுமல்ல, முகமே அவருக்கு நிற்காது. ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அவர் எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தால், புதிதாக யாரோ வந்திருக்கிறார் என்று எழுந்து நின்று கும்பிடுவார். அக்காவின் மகன் டாக்டராக இருக்கிறான். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்று ஒருநாள் சொன்னான். அந்தப் பெயரையும் நான் மறந்துவிட்டேன்.

ஆனால் குரல் என்றால் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாது. அவருக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் நிலையத்தைக் கூப்பிட்டு இணைப்புக் கேட்க வேண்டும். ஈப்போவிலிருந்து ஒரு சீனக் கடை முதலாளி "ஹலோ" என்ற உடனேயே, "என்ன தவுக்கே, சளி பிடிச்சிருக்கா?" என்று மலாயில் கேட்பாராம். நூற்றுக்கணக்கான குரல்களை அவர் காது வைத்திருந்தது. அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் தெருவில் எதிரே வந்து சிரித்தால் அவருக்கு யாரென்றே தெரியாது.

ஒருமுறை சௌராஸ்தா பாசார் சந்தையில் அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு மீன்கடை முன்னால் நின்றிருந்தாள். அப்பா கையில் கூடையோடு அவளைத் தாண்டி மூன்று தடவை போனார். அம்மா கடைசிவரை கூப்பிடவே இல்லை. "எத்தன தரம் போறாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் கடைசிவரை அவள் நம்பினாள். மனசு வைத்தால் ஞாபகம் இருக்கும் என்பது அவள் கட்சி. உறவுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "கவர்மெண்டு வேல பாக்குறாருல்ல, மண்டக்கனம்லா" என்றார்கள். அப்பா இதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. பதில் சொல்லாததும் மண்டைக்கனத்தில் சேர்ந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒரு வருடக் கடைசியைப் பற்றி. பள்ளி விடுமுறை. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். ஜெலுத்தோங்கில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் சேறும் கடலும் கலந்த வாசம் வரும். அந்த வருடம் அதோடு முறுக்கு எண்ணெயின் வாசமும், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசமும் சேர்ந்துகொண்டன. மழை விட்டுவிட்டுப் பெய்தது. வீட்டுக்குள் எப்போதும் ஈரத்துணி தொங்கியது. அந்த ஈரத்துணிகளுக்கு நடுவே குனிந்து நடந்ததுதான் அந்த விடுமுறை என்று இப்போது தோன்றுகிறது. எல்லாம் கொஞ்சம் நீருக்கடியில் நடந்தது போல.

கல்யாணத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போக வேண்டும். நடுவில் செம்பருத்திப் பூப் போட்ட எனாமல் தட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம், மேலே மஞ்சள் தடவிய அழைப்பிதழ். முதல்நாள் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போனார்கள். அம்மாவின் சித்தி வீட்டில், பக்கத்து வீட்டிலிருந்து மாவு சலிக்க வந்திருந்த ஒரு பெண்ணிடம் தட்டை நீட்டி, "சித்தி, நீங்கதான் முன்ன நின்னு நடத்தி வெக்கணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அம்மா அப்பாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே உங்ககூட ஒரு வாசப்படி ஏற மாட்டேன்" என்றாள். அதன்படியே செய்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கையெல்லாம் கடலைமாவு.

"இங்க பாரு. இது நமக்குள்ள. நாளையிலேருந்து அப்பாகூட நீ போ. யாராச்சும் சிரிச்சிக்கிட்டு வந்தா, அவரு சட்ட நுனியப் புடிச்சு ரெண்டு தடவ இழு. ஒரு தடவ இல்ல, ரெண்டு. அவரு குனிவாரு. நீ ஏதோ கேக்குற மாதிரி, அவங்க யாருன்னு காதுல சொல்லிடு. பேரும் சொல்லு, உறவும் சொல்லு."

"நீ அப்படித்தான் செஞ்சியா?"

"எட்டு வயசுலேருந்து. இப்ப கல்யாணப் பொண்ணு வீடு வீடாப் போகக் கூடாதாம்."

"பேரு தெரியலன்னா?"

"உறவு போதும்."

"ரெண்டுமே தெரியலன்னா?"

அக்கா யோசித்தாள். "நீ சின்னப் பிள்ளை. உனக்கா மறக்கும்?" என்றாள்.

மறுநாள் முதல் நான் அப்பாவின் இடதுபக்கம் நடக்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கும் எனக்கும் இதைப் பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை. முதல் வாசலில் இரண்டு தடவை இழுத்தேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படாமல் குனிந்தார். அவர் காதில் சவர சோப்பின் வாசம். சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் முகம் திறந்துகொண்டது. மூடியிருந்த கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்களே, அப்படி. "நல்லா இருக்கீங்களா, அண்ணி! காலு எப்படி இருக்கு?" என்றார். அந்த அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கூப்பிட்டதே இல்லையாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அக்காவிடம் போய், யார் யார் எப்படி எப்படி என்று பாடம் கேட்பேன். மூக்கில் மச்சம் உள்ளவர் பெரியப்பா. நடக்கும்போது செருப்பைத் தேய்ப்பவர் அப்பாவோடு வேலை பார்ப்பவர். தூங்கப் போகும்போது அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். பாதியில் தூங்கிவிடுவேன். கனவில் பெயர்கள் ஆட்கள் இல்லாமல் தனியாக நடந்து வரும்.

அப்பாவிடமும் சில கணக்குகள் இருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தேன். இடம் மாறாதவர்களை அவர் மறக்கவே மாட்டார். கிங் வீதியில் அவர் தினமும் நாசி கண்டார் சோறு சாப்பிடும் கடையின் முதலாளி பாயை, கறிச்சட்டிகளுக்குப் பின்னால் நிற்கும்வரை, தூரத்திலேயே கூப்பிட்டு வணக்கம் சொல்வார். அதே பாய் ஒருநாள் தபால் நிலையத்தில் சட்டையும் சொங்கோக் தொப்பியும் போட்டு வரிசையில் நின்றார். நான் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

அப்படியே நடந்துகொண்டிருந்திருந்தால் இதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், அந்தக் கரையில் இருக்கும் உறவுக்காரர்களை அழைக்க, பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் போனோம். எங்கள் தீவையும் அந்தக் கரையையும் சேர்க்கும் பாலம் வருவதற்கு வெகுகாலம் முன்பு. இப்போது ஓடுகிற ஃபெர்ரிகளைப் போல் அல்ல. பழைய ஃபெர்ரி பெரியது, மெதுவானது, கீழே கார்கள், மேலே மரபெஞ்சுகள். இயந்திரத்தின் அதிர்வு பெஞ்சு வழியாகப் பல்லுக்கு வரும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். அன்று ஜெல்லி மீன்கள் அதிகம். வெளிறிய குடைகள் போல விரிந்து, சுருங்கி, விரிந்து, எந்த அவசரமும் இல்லாமல் கப்பலோடு வந்தன. அவற்றுக்கு முகம் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரும்பியபோது எதிரே இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். கையை உயர்த்தினார். அப்பா கடலைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

நான் சட்டை நுனியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துவிட்டேன். இரண்டாவது தடவை இழுக்கவில்லை. ஏனென்றால் அப்பா குனிந்தால் என்ன சொல்வது? அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கே, எப்போது, யார் என்று ஒன்றும் வரவில்லை. பெயர்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். எதுவும் அந்த முகத்தில் போய் உட்காரவில்லை. அப்பா நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, கடலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே என் தலையைத் தடவினார்.

தொப்பிக்காரரின் கை அப்படியே கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்ய எடுத்த கை போலக் கீழே இறங்கியது. அருகே இருந்தவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. சிரித்தது மட்டும் தெரிந்தது.

பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் அப்பா எனக்கு வறுத்த கச்சான் வாங்கிக் கொடுத்தார். முதல் கடலையை உடைத்தபோது, ஒரு சம்பந்தமும் இல்லாமல், அது வந்தது. நிச்சயதார்த்தத்தன்று வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர். மாப்பிள்ளையின் அப்பா. சம்பந்தி. அப்பாவிடம் சொல்லவில்லை. கச்சானை முழுக்கத் தின்று முடித்தேன்.

நான்கு நாள் கழித்து, நிச்சயம் பேசி முடித்த மாமா, அம்மாவின் தம்பி, மழையில் நனைந்துகொண்டு வந்தார். தலையைக்கூடத் துடைக்கவில்லை.

"அத்தான், ஃபெர்ரியில சம்பந்தியப் பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டீங்களாமே? அவரு மச்சான் முன்னாலயே. அந்த மனுசன் சிரிச்சிருக்காரு. 'பொண்ணு குடுக்குற வீட்டுலயே உங்களுக்கு இவ்ளோதான் மரியாதையா'ன்னு கேட்டிருக்காரு."

"நான் பாக்கலயே" என்றார் அப்பா.

"கண்ணுக்கு நேரா பாத்தீங்களாம்லா! இப்ப, 'கொஞ்சம் யோசிக்கணும், தேதியத் தள்ளி வெச்சுக்கலாம்'ங்கறாங்க. தள்ளி வெக்கறதுன்னா என்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா அப்போது போட்ட சத்தம் இருபத்தைந்து வருடத்துச் சத்தம். பாசார் வந்தது, சித்தி வீடு வந்தது, நான் பிறப்பதற்கு முந்தைய கதைகளெல்லாம் வந்தன. அப்பா தலைகுனிந்து நின்றார். அக்கா அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை அவளுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது தலையணை உறைக்குள் இருக்கும். அக்கா அதை எடுத்தாள், பிரிக்கவில்லை, திரும்ப உள்ளே வைத்தாள்.

"நீ எங்க இருந்த?" என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜெல்லி மீன் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். அது பாதி உண்மை.

மாமா அப்பாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிற்று, அதனால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். "ஒரு பழைய கண்ணாடி கொண்டாந்து தர்றேன், போட்டுக்கிட்டுப் போங்க."

"அது ஒரு நாளைக்கு. அடுத்த தடவ பாசார்ல பாத்தா?" என்றார் அப்பா. "கண்ணாடியும் போட்டுக்கிட்டு, கண்ணுக்கு நேரா பாத்துக்கிட்டு, திருப்பியும் தெரியாது மாமா... ச்சே, தெரியாதுப்பா." அவர் அன்று குழம்பிப் போயிருந்தார். உறவுமுறை கூட வாயில் நிற்கவில்லை. "நானே போயி உள்ளத சொல்றேன்."

"நம்புவாங்களா?"

"இவளே நம்பல" என்று அம்மா இருந்த பக்கம் கையைக் காட்டினார். "இருந்தாலும் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினோம். ஃபெர்ரியில் அப்பா என்னிடம், "இன்னைக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சட்டையப் புடிக்க வேணாம். நானே பாத்துக்கறேன்" என்றார். அவர் வாய்விட்டு அந்த விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுங்கை பாக்காப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிம்பாங் அம்பாட் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக, ஒரே மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் மரங்கள் நடப்பது போலவும் பஸ் நிற்பது போலவும் இருக்கும். அந்த மயக்கத்தில்தான் என் வாய் திறந்திருக்க வேண்டும்.

"அப்பா, அன்னிக்கு நான் அவரப் பாத்தேன். தெரிஞ்ச மூஞ்சின்னு தெரிஞ்சது. யாருன்னு வரல. அதான் ரெண்டாவது தடவ இழுக்கல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். அப்படி ஒரு பயத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"உனக்கும் அப்படித்தானா? எப்பவுமேவா?"

"இல்லப்பா. அன்னிக்கு மட்டும்."

"ஸ்கூல்ல கூட்டாளிங்கள எல்லாம் தெரியுமா? ஃபோட்டோவுல பாத்தா தெரியுமா?"

"தெரியும்பா."

அவர் திரும்பி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப சரி. ஒரு தடவ மறந்தா ஒண்ணுமில்ல" என்றார். ஃபெர்ரி நாளிலிருந்து நான் சுமந்துகொண்டிருந்தது அங்கே, அந்த மரங்களுக்கு நடுவே எங்கோ இறங்கிப் போயிற்று.

சம்பந்தி தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே பலகை வீடு. முன்னால் ரம்புத்தான் மரம், பக்கத்தில் வாழைத்தோப்பு. வராந்தாவில் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார். கொண்டுபோயிருந்த பழத்தட்டை அவர் கையில் கொடுத்தார். அவர் திகைத்து வாங்கிக்கொண்டார்.

அவர் சம்பந்தி இல்லை. எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது. சம்பந்தி உள்ளே, கதவுக்குப் பின்னால், தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் கை தானாக அப்பாவின் சட்டைக்குப் போயிற்று. சம்பந்தி உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என் கை அப்படியே நின்றது.

"சம்பந்தி, நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றார் அப்பா, வெற்றிலைக்காரரிடம். "அன்னிக்கு ஃபெர்ரியில உங்களப் பாத்தேன். பாக்கலன்னு சொன்னா பொய். பாத்தேன், ஆனா தெரியல. எனக்கு மூஞ்சி நிக்காது. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூக்கு, வாயி, எல்லாம் தெரியுது. எல்லாம் சேந்து யாருன்னு மட்டும் தெரியாது. பாசார்ல எம் பொஞ்சாதியவே தெரியாம தாண்டிப் போயிருக்கேன். மண்டக்கனம்ங்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன். என் குத்தம்தான். மொதல்லயே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. எம் மவ ஒரு தப்பும் பண்ணல, சம்பந்தி. அவளுக்கு எல்லா மூஞ்சியும் ஞாபகம் இருக்கும். உங்க வீட்டுக்கு வந்தா உங்க எல்லாரையும் நல்லாத் தெரிஞ்சு வெச்சுக்குவா."

வெற்றிலைக்காரர் வாய் நிறையச் சாறோடு கண்களை விரித்தார். பேச முடியாமல் "ம்... ம்..." என்றார். அப்பா அதைக் கோபம் தணியவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் குனிந்து கும்பிட்டார்.

"சம்பந்தி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்பாவின் தோள்கள் அப்படியே உறைந்தன. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் ஒருமுறை கேட்டதே அவருக்குப் போதும். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மறுபடி வெற்றிலைக்காரரைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கப் பார்த்தார். சம்பந்தி எட்டி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க."

வெற்றிலைக்காரர் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். "அண்ணே, நான் வாழத்தாரு ஏத்த வந்த லாரிக்காரன்லா. ஆனா நீங்க சொன்னதக் கேட்டு எனக்கே மனசு என்னமோ ஆயிருச்சு. நானும் மன்னிச்சிட்டேன், போங்க" என்றார்.

முதலில் சிரித்தது சம்பந்தியின் மனைவி, உள்ளே, அடுப்படியில். பிறகு சம்பந்தி. கடைசியாக அப்பா. அப்பா சிரித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்குக் கோவம் வந்தது உண்மைதான்" என்றார் சம்பந்தி. "எம் மச்சான் சிரிக்காம இருந்திருந்தா அவ்ளோ வந்திருக்காது. கண்ணாடி ஒடஞ்சிருச்சு, மயக்கமா இருந்துச்சு, இப்படி ஏதாச்சும் கதையோட வருவீங்கன்னு நெனச்சுத்தான் உள்ள நின்னேன். நம்பக் கூடாதுன்னு நின்னேன்." பிறகு லாரிக்காரரைக் கைகாட்டினார். "இவரப் பாத்து என்னைய மாதிரி இருக்காருன்னு நெனச்சீங்களே, அதான் இன்னும் கொஞ்சம் கோவமா இருக்கு."

அவர்கள் காப்பி குடித்தார்கள். லாரிக்காரரும் குடித்தார். நான் ரம்புத்தான் தின்றேன். தேதி தள்ளிப் போகவில்லை.

கல்யாணத்தன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் சொல்ல விரும்பியது உண்மையில் இதுதான் போலிருக்கிறது.

காலையில் நான் பச்சைப் பாவாடையும் இரட்டைச் சடையுமாக அப்பாவின் இடதுபக்கம் போய் நின்றேன். மண்டப வாசலில் அவரோடு நின்று வருகிறவர்களை எல்லாம் காதில் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அப்பாவின் வலதுபக்கம் சம்பந்தி வந்து நின்றுகொண்டார். யார் படியேறினாலும் அவர் முந்திக்கொண்டு, தன் பக்கத்து ஆளானால் பெயரும் உறவும் சேர்த்துச் சத்தமாக வரவேற்றார். எங்கள் பக்கத்து ஆளானால், "வாங்க, நான் மாப்பிள்ளையோட அப்பா, நீங்க யாருன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். வந்தவர்களே தங்களைச் சொன்னார்கள். அப்பா ஒவ்வொருவரையும் உறவு சொல்லி அழைத்தார். எல்லோரும் மலர்ந்து உள்ளே போனார்கள். ஒருவரும் மண்டைக்கனம் என்று சொல்லவில்லை. மிக எளிதாக இருந்தது. இத்தனை வருடம் ஏன் யாரும் இப்படிச் செய்யவில்லை என்று தோன்றியது.

என் கை சட்டை நுனியிலேயே இருந்தது. இழுக்க ஒரு தேவையும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டேன்.

அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா எனக்கென்று வாங்கிய சிவப்புப் பட்டுப்பாவாடையைக் கொண்டுவந்தார். அக்காவின் தோழிகள் என் சடையை அவிழ்த்துக் கொண்டை போட்டார்கள், பூச் சுற்றினார்கள், பவுடரும் உதட்டுச்சாயமும் பூசினார்கள். தாலி கட்டியபோது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழுந்த சத்தத்தில் நான் அழ ஆரம்பித்தேன். "அக்கா போறாளேன்னு அழுவுது, பாவம்" என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அம்மாகூட அணைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. எனக்கு இனி வேலை இல்லை என்பதற்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

மண்டபத்தின் பின்பக்கம், அண்டாக்கள் கழுவும் இடத்துக்குப் போய்த் தனியாக நின்றேன். ஈரச் சிமெண்டுத் தரை. சாம்பார் வாசமும் மல்லிகை வாசமும் கலந்து கிடந்தன. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தண்ணீரில் விழுந்து ஆடியது. உள்ளே சத்தமெல்லாம் தூரத்தில், யாரோ கதவை மூடிவிட்டதுபோலக் கேட்டது.

அப்பா வந்தார். நடையில் அவசரம். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே என்னிடம் வரட்டும் என்று நின்றேன். வந்தார்.

"பாப்பா, இங்க ஒரு பொண்ணு வந்துச்சாம்மா? உன் ஒசரம்தான் இருக்கும். பச்சப் பாவாட, ரெட்டச் சட" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். "எம் மவ. இன்னும் சாப்பிடல. அவ இல்லாம பந்தியில உக்கார எனக்கு மனசு வரல. அதான் தேடிக்கிட்டிருக்கேன்."

அம்மாவையும் சித்தியையும் சம்பந்தியையும் மறந்தவர் என்னை மட்டும் மறக்க மாட்டார் என்று, அதுவரை, யோசிக்காமலேயே நம்பியிருந்தேன். வருத்தப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த முகம் என்னைத் தேடிக்கொண்டிருந்தது. என்னிடமே என்னைத் தேடிக்கொண்டிருந்தது. இவ்வளவு கவலையோடு யாரும் என்னைத் தேடி நான் பார்த்ததில்லை.

சட்டை நுனியைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தேன்.

அவர் வழக்கம்போலக் குனிந்தார். பாதி குனியும்போதே அவர் முகம் மாறிவிட்டது. நான் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் காதில் வாய் வைத்து என் பெயரைச் சொன்னேன், உறவையும் சொன்னேன்.

அப்பா ஈரத் தரையில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது. என் கொண்டையை, பூவை, சாயம் பூசிய உதட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லவேளை, உங்கிட்டயே கேட்டேன்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே யார் வருகிறார், யார் போகிறார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பாயசம்வரை சாப்பிட்டோம்.